அச்சு விழாத காசு

ஜூலை 31, வியாழன்

வீட்டுக்காரர் திவசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நேற்றே போயாயிற்று. வடைச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்த பிறகு வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறதே என்று எடுத்து உட்கார்ந்தேன். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் தையல் சொல்லிக்கொடுத்தவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்றால், ஒன்றும் இல்லைதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சிவராம் ரயிலேறும் முன் சொன்னான்: "அம்மா, அப்பாவோட காசுப் பெட்டிய லாசர் மாமாட்ட காட்டி வித்துரு. அது ஒண்ணுதான் பாக்கி. பெறகு வீட்டப் பூட்டிட்டு எங்ககூட புனேக்கு வந்துரு."

என் மகன்தான். நல்லவன்தான். ஆனால் புனேயில் அவனுக்குப் பதினாலாவது மாடி. புருஷனும் பெண்டாட்டியும் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்துத்தான் திரும்புவார்கள். காக்காயைப் பார்க்க வேண்டுமென்றால்கூட அங்கே குனிந்துதான் பார்க்க வேண்டும். "பாப்போம்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அந்தப் பெட்டி தேக்கு மரத்தில் சொல்லிச் செய்தது. வரிசையாகச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. உள்ளே இருப்பதெல்லாம் நாணயச் சாலையில் தப்பாக அடித்து வெளியே தப்பிவந்த காசுகள். இவர் வங்கியில் காசாளர். புதுக் காசு மூட்டையில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் சட்டைப் பையிலிருந்து நல்ல காசைப் போட்டுவிட்டு அதை எடுத்து வருவார். படம் ஓரமாய் ஒதுங்கிப்போன ரூபாய். எலி கடித்தது மாதிரி விளிம்பு குறைந்த எட்டணா. ஒரு பக்கம் சிங்கம் புடைத்தும் மறுபக்கம் அதே சிங்கம் குழிந்தும் இருக்கிற நாலணா. "நல்ல காசக் குடுத்துக் கெட்ட காச வாங்குத மாப்பிள்ள ஒலகத்துலயே எனக்குத்தான் கெடச்சிருக்காரு" என்று என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை இட்டிலி தின்று கை கழுவினால் பூதக்கண்ணாடியும் கையுமாகப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் போய் நின்றால் "தொடாத" என்பார். கோபமெல்லாம் கிடையாது. ஈ விரட்டுகிற மாதிரி ஒரு சொல். ஏன் தொடக்கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் ரோஷக்காரி, கேட்டதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

லாசர் தம்பி சாயங்காலம் வந்தார். மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், காசு சேகரிக்கிறவர்கள் சங்கத்துக்குச் செயலாளர். கூடவே மேலப்பாளையம் மீரான். பழங்காசு வாங்கி விற்பதுதான் அவருக்குத் தொழில். பெங்களூரில் பெட்டியை முழுசாக எடுக்க ஆள் இருக்கிறதாம்.

"எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துட்டா வெல சொல்லிரலாம் மைனி" என்றார் லாசர்.

முதல் இழுப்பறையைத் திறந்து காட்டினேன். மற்ற சாவிகளைக் காணவில்லை என்றேன். அவர் எங்கே வைத்துத் தொலைத்தாரோ! தேடிப் பார்க்க வேண்டும். ஒரு இழுப்பறைக்கே மூன்று மணி நேரம் ஆயிற்று. உளுந்த வடை சுட்டேன், சுக்குக் காப்பி இரண்டு தடவை போட்டேன். மீரான் தம்பிக்கு இனிப்பு ஆகாதாம், தனியாகப் போட்டேன். என்னுடையதோடு சேர்த்து வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடந்தது பார்க்க நன்றாக இருந்தது. அடுத்த புதன்கிழமை வருவார்கள்.

சாவிக்கொத்தை அரிசிப் பானையில் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் புதைத்து வைத்தேன். இரும்பு இருந்தால் வண்டு வராது என்பார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

ஒன்றும் இல்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டாவது இழுப்பறையின் சாவி கிடைத்துவிட்டது. பயறு சுண்டல், ஏலக்காய் டீ. மழை பிடித்துக்கொண்டதால் கூட ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். மழைக்குப் புண்ணியம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று யாரோடும் பேசவில்லை. பால் போடுகிற பிள்ளை பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறாள். முன்னெல்லாம் பெல் அடிப்பாள். "எதுக்கு அத்த உங்களுக்குச் செரமம்" என்கிறாள். எனக்கு என்ன சிரமம், பெல் சத்தம் கேட்டு எழுந்து போவதில்?

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். நாலாவது இழுப்பறை.

இன்றைக்கு லாசர் ஒரு பேச்சுச் சொன்னார், அதுதான் இன்னும் குடைந்துகொண்டே இருக்கிறது. "அண்ணாச்சி இல்லாம சங்கமே டல்லாயிட்டு மைனி. பேச ஆரம்பிச்சாகன்னா நிறுத்த மாட்டாகள்லா! ஒத்தக் காசக் கையில வச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுவாக. டீ ஆறிப்போயிரும்."

யாரைச் சொல்கிறார் என்றே எனக்கு முதலில் விளங்கவில்லை. இந்த வீட்டில் இருந்த மனுஷன் "உப்பு கூட", "கரண்டு போயிட்டு", "தொடாத" இதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அவர்கள் போன பிறகு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரான் வீட்டு டீ ஆறும்வரை பேசத் தெரிந்திருக்கிறது, என் டீ ஆறவே இல்லை.

செப்டம்பர் 10, புதன்

கடைசிக்கு முந்தினதும் ஆயிற்று. இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இன்று அதைத் திறக்காமலே அதைப் பற்றித்தான் பேச்செல்லாம். அதில் இருப்பது பிளாங்க். அதாவது அச்சு விழாத வெற்றுத் தகடு. நாணயச் சாலையில் முதலில் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி எடுத்து, விளிம்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, பிறகுதான் சிங்கத்தையும் எழுத்தையும் அடிப்பார்களாம். எங்கேயோ ஒன்றிரண்டு அடி வாங்காமல் நழுவி நல்ல காசோடு மூட்டைக்குள் விழுந்துவிடும். இவர் அவற்றைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட ஆசையாகச் சேர்த்தாராம்.

"ஒண்ணுமே இல்லாத தகட்டுக்கா இந்தப் பாடு?" என்றேன். "எங்க பள்ளிக்கூடத்துல கோட்டுப் பொத்தான் இதவிட அழகா இருக்குமே."

மீரான் விழுந்து விழுந்து சிரித்தார். "சில பேரு நல்ல காசத் தேச்சு மழுக்கி, பிளாங்குன்னு நம்ம தலையில கட்டிருவான் அக்கா. தராசுல வச்சா எட கொறயும். அண்ணாச்சிட்ட அந்தக் கத நடக்காது. அவ்வளவும் அசலு."

சாவி இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

அவர்கள் வரவில்லை. "சாவி கெடச்சதும் ஒரு போன் போடுங்க மைனி, வந்துருதோம்" என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தானே, அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. சுட்ட போண்டாவை நானே மூன்று வேளை தின்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சாவி கிடைத்துவிட்டது. போன் போட்டேன். ஆயுத பூஜையும் புதன்கிழமைதான் வருகிறது, அன்றைக்கே வாருங்கள், பூஜையும் ஆயிற்று பெட்டியும் ஆயிற்று என்றேன். லாசர் கிறிஸ்தவர், அவரிடம், "வேதக்காரப் பிள்ளைக்குச் சாமி சுண்டல் ஆகுமா?" என்று கேட்டேன். "சுண்டலுக்கு என்ன மைனி வேதம்?" என்றார். பதிமூன்று நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தச் சாக்கைச் சொல்லி யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று நல்ல நாள். இடுப்புதான் விட்டுப்போயிற்று, ஆனாலும் நல்ல நாள்.

ஆயுத பூஜை என்றால் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விடுவேன், கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் புளி போட்டு விளக்குவேன். பெட்டியை மட்டும் தொடவிட மாட்டார். மூடின பெட்டி மேல் ஒரு பூ, அவ்வளவுதான் அதற்குப் பூஜை. இந்த வருஷம் எல்லா இழுப்பறையையும் திறந்து கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். ஐயோ, எத்தனை காலத்துக் கறுப்பு! ஒரு பைசாவெல்லாம் புகை படிந்த மாதிரி கிடந்தது. விருந்தாளி வருகிற வீட்டில் விளக்கை இப்படியா வைப்போம்?

புளியைக் கரைத்து ஊறப்போட்டு, சாம்பலும் தேங்காய் நாருமாக ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். படம் உள்ள காசுகளைப் பார்த்துப் பார்த்து மெதுவாகத்தான் தேய்த்தேன், சிங்கத்தின் மூக்கு தேய்ந்துவிடக்கூடாதே என்று. வெற்றுத் தகட்டுக்கு அந்தப் பயம் இல்லை. அதில் அழிந்துபோக என்ன இருக்கிறது? நன்றாக அழுத்தித் தேய்த்தேன்.

வெயிலில் வெள்ளைத் துண்டு விரித்துக் காயவைத்தபோது கண்ணைப் பறித்தது. கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அத்தனை காசையும் என் கையால் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் தேதி இரண்டு தடவை விழுந்திருக்கிறது. ஒன்றில் அச்சு கீறிப்போய்ச் சிங்கத்துக்குத் தாடி முளைத்த மாதிரி இருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தேன். இதைத்தானா இந்த மனுஷன் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்? ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டியிருந்தால் நானும் சிரித்திருப்பேனே.

நாளைக்கு அவர்கள் அசந்துபோவார்கள்.

அக்டோபர் 1, புதன்

தாம்பாளங்களில் பட்டுத் துணி விரித்துக் காசுகளை அடுக்கி, சந்தனம் தெளித்து, பூ வைத்திருந்தேன். சர்க்கரைப் பொங்கல், கடலைச் சுண்டல், மீரானுக்குத் தனியாக வெண்பொங்கல்.

உள்ளே வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அழகைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். முதலில் மீரான்தான் உட்கார்ந்தார். ஒரு பிளாங்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"அக்கா, இத எதுல கழுவுனீங்க?"

"புளியும் சாம்பலும். நாரு வச்சுத் தேச்சேன். நேத்துப் பூரா அதே வேலதான்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

லாசர் தலையில் கை வைத்துவிட்டார். "என்ன மைனி இப்படிச் செஞ்சிட்டிய?"

மீரான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. நிதானமாகச் சொன்னார். பழங்காசைக் கழுவவே கூடாதாம். கறுப்புதான் அதற்கு வயசுச் சான்று. "அடிச்ச காசாவது பரவால்ல அக்கா. படம் இருக்கு, தப்பும் தெரியும், வெல மட்டும்தான் விழும். பிளாங்குக்கு அதுகூட இல்ல. மேல்தோல் ஒண்ணுதான் சாட்சி. தகட்ட உருட்டுன கோடு, மெஷின்ல இருந்து வந்த மினுப்பு எல்லாம் அதுலதான் இருக்கும். அது போயிட்டு. எட சரியா இருந்தாலும் இனிமே வாங்குதவன் நம்ப மாட்டான். எவனோ தேச்சு மழுக்குனதுன்னுதான் சொல்லுவான்."

அழிந்துபோக அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேனே. அதில்தான் இருந்திருக்கிறது.

மரியாதைக்கு ஆளுக்கு ஒரு வாய் தின்றார்கள். பெங்களூர்க்காரருக்குத் தான் சொல்லிவிடுவதாக மீரான் சொன்னார். "போயிட்டு வாரோம்" என்றார்கள். எப்போது என்று நானும் கேட்கவில்லை. பொங்கல் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சிவராமிடம் சொன்னேன். "சரி விடும்மா, போனாப் போவுது" என்றான். பிறகு, "அப்ப இனிமே அங்க ஒனக்கு வேல ஒண்ணும் இல்லல்லா? டிக்கெட் போட்டுருதேன்" என்றான். நவம்பர் இருபதாம் தேதிக்குப் போட்டுவிட்டான். பிள்ளை சொன்னதில் தப்பில்லை. எனக்கு இங்கே என்ன வேலை?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அடுத்த தெருப் பிள்ளைகளின் வெடிச் சத்தத்தில் மத்தியானம் தூக்கமில்லை.

அக்டோபர் 22, புதன்

ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. கடையில் கூட்டம். லாசர் என்னைப் பார்த்தார், பார்த்ததும் மெஷின் பக்கம் குனிந்துகொண்டார். நகலைக் கொடுத்தார், துட்டு வாங்கவில்லை.

"இன்னிக்கு உளுந்த வடை போடுதேன்" என்றேன். அத்தனை பேர் மத்தியில், பிச்சை கேட்கிற மாதிரி.

"பாக்கேன் மைனி" என்றார்.

மாவை ஆட்டி வைத்துக்கொண்டு இருட்டும்வரை வாசல் படியிலேயே இருந்தேன். வரவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று அவர் படத்துக்கு முன்னால் நின்று நன்றாகக் கேட்டுவிட்டேன். உள்ளே ஒளித்து என்ன ஆகப்போகிறது, எழுதியே வைக்கிறேன். "ஏன் தொடக்கூடாதுன்னு ஒத்த வார்த்த சொன்னா உம்ம வாயில இருந்த முத்து உதிர்ந்துருமா? கழுவுனா கெட்டுப்போவும்னு சொல்லிருந்தா நான் கழுவிருப்பனா? சங்கத்துல ஒரு மணி நேரம் பேசத் தெரிஞ்ச மனுசனுக்கு, சோறு போட்டவகிட்ட பேச ஒரு நிமிசம் இல்லாமப் போச்சா?"

அழுதேன். அவர் செத்தபோது இப்படி அழவில்லை. அப்போது ஊர் அழுதது, கூட அழுதேன். இது நான் மட்டும் அழுதது. எனக்குக் காசு போனதில் ஒரு வருத்தமும் இல்லை. புதன்கிழமை போய்விட்டது, அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 5, புதன்

லாசர் வந்தார்! நான் எதிர்பார்க்கவில்லை, வீட்டில் பால்கூட இல்லை.

"ஒங்க மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சு மைனி. அதான் வரல" என்றார். "ரெண்டு மாசமா இங்க உக்காந்து வட தின்னுட்டு, கழுவக்கூடாதுங்கத ஒரு தடவகூட நாங்க சொல்லலயே. எங்களுக்குத் தோணவே இல்ல. எங்க ஆளுகளுக்கு அது மூச்சு விடுத மாதிரி. மூச்ச விடுன்னு யாரும் சொல்லிக் குடுப்பாகளா?"

மனசு கொஞ்சம் இளகியது. அதற்குள் அடுத்ததைச் சொன்னார். பதினாலாம் தேதியிலிருந்து மூன்று நாள் சங்கத்தின் கண்காட்சியாம். என் கழுவின காசு ஒரு தட்டு, சங்கத்துக்காரர்களின் கழுவாத காசு ஒரு தட்டு என்று மேஜையில் வைத்து, பக்கத்தில் என்னை உட்காரவைக்க வேண்டுமாம். "இப்படிச் செய்யாதீங்கன்னு நாங்க போர்டு எழுதி வச்சா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க மைனி. நீங்க சொன்னா நிப்பாங்க."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "நான் புத்தி கெட்டுச் செஞ்சத ஊர் கூட்டிச் சிரிக்க வைக்கவா வந்தீரு? என்ன, கொலுப் பொம்மையாட்டம் உக்கார வைக்கப் போறியளோ? எந்திச்சுப் போரும்!" என்று விரட்டிவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து வீடு தேடி வந்த ஒரே ஆள். தண்ணீர்கூடக் கொடுக்காமல் விரட்டினேன்.

நவம்பர் 6, வியாழன்

காலையிலேயே கடைக்குப் போய், "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டேன். லாசர் வாயைத் திறக்கும் முன், "சிரிச்சீரோ, பாத்துக்கிடும்" என்றேன்.

நவம்பர் 15, சனி

கால் வீங்கிவிட்டது, தொண்டை கட்டிவிட்டது. கண்காட்சியில் மீரான் எனக்கு அடுத்த மேஜை. சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

போர்டை யாரும் படிக்கவில்லை, லாசர் சொன்னது சரிதான். நான்தான் கூப்பிட்டேன். "இங்க வாங்க, இந்தக் கூத்தப் பாத்துட்டுப் போங்க! இது கழுவாத காசு, இது என் வீட்டுக்காரர் சேத்து நான் கெடுத்தது!" கூட்டம் கூடிவிட்டது. சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒரு அம்மா கிட்டே வந்து, "நானும் எங்க மாமனார் காச எலுமிச்சம்பழம் போட்டு வெளக்கிட்டேன்க்கா, இன்னிக்கு வரைக்கும் வீட்ல சொல்லல" என்று காதோடு சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பரில் நாகர்கோவிலில் கண்காட்சியாம். "வருவியள்லா மைனி?" என்றார் லாசர். சாயங்காலம் சிவராமுக்குப் போன் போட்டு டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். தை மாசம் பதினைந்து நாள் வந்து இருக்கிறேன், பேரப்பிள்ளை பிறந்தால் ஆறு மாசம்கூட இருக்கிறேன், வீட்டைப் பூட்டுகிற பேச்சு மட்டும் வேண்டாம் என்றேன். "அங்க தனியா என்னம்மா செய்வ?" என்றான். "தனியாத்தான் இருப்பேன், இருந்துக்கிடுதேன்" என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கடைசி நாள். மேஜைகளை மடக்குகிற நேரத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒருத்தர் வந்தார். என் வீட்டுக்காரர் வயசுதான் இருக்கும். பூதக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டியிருந்தார். என் இரண்டு தட்டையும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க வீட்லயும் ஒரு தகர டப்பா நெறய இருக்கு. நான் தொடாதன்னு சொல்லி வச்சிருக்கேன். எம் பொண்டாட்டி பக்கத்துலயே போவ மாட்டா."

"நானும் போனதே இல்ல அண்ணாச்சி" என்றேன். "நீங்க போன பொறவு போவாக."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் விடவில்லை. "ஏன் தொடக்கூடாதுன்னு சொல்லிருக்கியளா?"

அவர் யோசித்தார். "கேட்டதில்லயே அவ."

"கேக்க மாட்டாக. நீங்கதான் சொல்லணும். இப்பவே போனப் போடுங்க."

நான் விளையாடவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். போனை எடுத்தார். "ஏளா, நாந்தான். ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் இருக்கேன். அந்தத் தகர டப்பா இருக்குல்லா... இல்ல இல்ல, எடுக்க வேண்டாம். சும்மாதான் ஒனக்குச் சொல்லுதேன்." கழுவினால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள். இவர் பதில் சொன்னார். மறுபடி கேட்டாள். பேச்சுவாக்கில் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எந்தக் காசு எந்த ஊரில் கிடைத்தது, எதற்கு எந்தப் பக்கம் தப்பு என்று கையை ஆட்டி ஆட்டி, அவள் எதிரே இருப்பது மாதிரியே பேசினார்.

லாசர் வந்து, "தட்ட எடுக்கட்டுமா மைனி?" என்றார். இரும் என்று கையைக் காட்டினேன். கால் கடுக்க நின்று அவ்வளவையும் கேட்டேன். எனக்கு வரவேண்டிய பேச்சு அது. யாரோ ஒருத்தர் யாரோ ஒருத்திக்குச் சொல்ல, நான் ஓரத்தில் நின்று கேட்டேன். கண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் என்ன கேட்டாளோ, அவர் சிரித்தார். "அத போன்ல சொன்னா வெளங்காதுளா. ராத்திரி வந்து டப்பாவத் தொறக்கேன், நீயும் வந்து பக்கத்துல உக்காரு" என்றார்.